ஜன்னல் மாற்றும் செலவு: சதுர அடி விலைக்குள் அடங்காதவை

வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்குபவர்கள் ஜன்னல் விஷயத்தில் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: மரமா, அலுமினியமா, யுபிவிசி என்ற கடினப் பிளாஸ்டிக்கா? அடுத்த கேள்வி, சதுர அடி என்ன விலை? இரண்டுமே தேவையான கேள்விகள். ஆனால் இரண்டும் இரண்டாம் கட்டத்தில் கேட்க வேண்டியவை. பழைய நிலையை, அதாவது சுவரில் பதிந்திருக்கும் ஜன்னல் சட்டத்தை, அங்கேயே விட்டுவைக்கப் போகிறோமா, பெயர்த்து எடுக்கப் போகிறோமா என்பது முதலில் முடிவாக வேண்டும். அது முடிவாகாமல் வாங்கிய இரண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிடவே முடியாது. ஒருவர் ஜன்னலுக்கு மட்டும் விலை எழுதியிருப்பார். இன்னொருவர் இடிப்பது, பூசுவது, குப்பையை அகற்றுவது வரை எல்லாம் சேர்த்து எழுதியிருப்பார். முதலாமவர் மலிவாகத் தெரிவார். வேலை பாதியில் நிற்கும்போதுதான் கொத்தனாரையும் பெயின்ட்டரையும் நாமே தனியாகத் தேட வேண்டும் என்பது புரியும்.

பழைய ஜன்னலுக்கு நான்கு வழிகள் உண்டு. இருப்பதையே பழுதுபார்க்கலாம். நிலையை விட்டுவிட்டுக் கதவுகளை மட்டும் புதிதாகச் செய்யலாம். பழைய நிலைக்குள்ளேயே புதிய சட்டம் ஒன்றைப் பொருத்தலாம். அல்லது நிலையோடு பெயர்த்துவிட்டு வெறும் சுவர்த் திறப்பிலிருந்து தொடங்கலாம். பொதுவாக இந்த வரிசையில்தான் செலவு ஏறும். ஆனால் ஒவ்வொரு படியிலும் பணம் வேறு வேறு கைகளுக்குப் போகிறது. முதல் இரண்டிலும் தச்சர் கூலிதான் பெரிது. மூன்றாவதில் பொருளின் விலை. நான்காவதில் கொத்து வேலையும் பெயின்ட்டும் சேர்ந்துகொள்கின்றன.

பழுதுபார்ப்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. காற்று புகுகிறது, தூசி வருகிறது, தெருச் சத்தம் கேட்கிறது என்பவைதான் ஜன்னலை மாற்றச் சொல்லும் வழக்கமான காரணங்கள். இவற்றில் பலவும் கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடுக்குகளால் வருபவை. தளர்ந்த கீலை மாற்றி, ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டி, உதிர்ந்த புட்டியை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி பதித்தால் குறை பெருமளவு தீர்ந்துவிடும். மரம் உறுதியாக இருக்கும் பழைய ஜன்னலைத் தூக்கி எறிவதற்கு முன் பழுதுபார்ப்புக்கும் ஒரு விலை வாங்கிவிடுங்கள். மற்ற எல்லா விலைகளையும் அளக்க அதுதான் அளவுகோல். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துப் பொடியாக்கக் கூடாது; குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

நிலை உறுதியாக இருக்கிறதா என்று அறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூரான ஸ்க்ரூடிரைவரால் கீழ் மூலைகளை அழுத்திப் பாருங்கள். மழைநீர் தேங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். முனை எளிதாக உள்ளே இறங்கினால் அந்த மரம் போய்விட்டது என்று பொருள். இரும்பு நிலையாக இருந்தால் அடிப்பகுதியில் துரு ஏடு ஏடாகப் பெயர்கிறதா, அதன் அழுத்தத்தில் பக்கத்துப் பூச்சு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளவுநாடாவால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலை நேராக நிற்கிறது. சில மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சமாளிக்கலாம். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் நிலை சாய்ந்திருக்கிறது. அதற்குள் செவ்வகச் சட்டம் ஒன்றை வைத்தால் ஓரத்தில் முக்கோண இடைவெளி விழும். அதை நுரையாலும் சிலிக்கானாலும் நிரப்பி மறைப்பது நெடுநாள் தாங்காது.

நிலைக்குள் நிலையா, முழுதாகப் பெயர்ப்பதா

பெரும்பாலான வீடுகளில் உண்மையான போட்டி மூன்றாவது வழிக்கும் நான்காவது வழிக்கும் இடையில்தான்.

பழைய நிலைக்குள் புதிய சட்டத்தைப் பொருத்தும் வேலை சுத்தமானது, விரைவானது. சுவரில் கை வைப்பதில்லை. வீட்டில் குடியிருந்துகொண்டே ஓர் அறை முடிந்ததும் அடுத்த அறை என்று போகலாம். ஆனால் இதற்கு வெளிச்சத்தில் ஒரு விலை இருக்கிறது. அது எந்த விலைப்புள்ளியிலும் வராது. புதிய சட்டமும் பொருத்தும் இடைவெளியும் சேர்ந்து பக்கத்துக்கு 60 மி.மீ. எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் திறப்பு, 1.08க்கு 1.08 ஆகச் சுருங்கும். பரப்பில் 19 சதவீதம் போய்விட்டது. அதே கணக்கை 0.6 மீட்டர் சதுரமான சிறு ஜன்னலுக்குப் போட்டால் 0.48க்கு 0.48, அதாவது 36 சதவீதம் இழப்பு. பெரிய ஜன்னலில் இந்தக் குறைவு பெரிதாக உறுத்தாது. ஏற்கெனவே இருண்ட அறையின் சிறு ஜன்னலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சத்தை இழப்பது மோசமான பேரம். ஆகவே ஒரே வீட்டில் பெரிய ஜன்னல்களுக்கு இந்த வழியும் சிறியவற்றுக்கு முழுமையாகப் பெயர்க்கும் வழியும் என்று கலந்து முடிவெடுப்பதில் தவறே இல்லை. ஒப்பந்தக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்யவே விரும்புவார்கள். அது அவர்களுக்கு வசதி.

முழுமையாகப் பெயர்ப்பதன் செலவைக் கணக்கிட ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். 1.2 மீட்டர் சதுர ஜன்னல் ஆறு, 0.6 மீட்டர் சதுர ஜன்னல் இரண்டு. மொத்தப் பரப்பு 9.36 சதுர மீட்டர், சுமார் 101 சதுர அடி. விலைப்புள்ளியில் வரும் எண் இதுதான். ஆனால் கொத்தனாருக்குப் பரப்பு முக்கியமல்ல, சுற்றளவுதான் முக்கியம். எட்டு ஜன்னல்களின் சுற்றளவு 33.6 மீட்டர். நிலையைப் பெயர்க்கும்போது பூச்சு உள்ளேயும் உடையும், வெளியேயும் உடையும். ஆக ஒட்டுப்பூச்சு 67 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மாடியில் வெளிப்புற வேலைக்குச் சாரம் கட்ட வேண்டும். ஒட்டுப்பூச்சு காய்ந்ததும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். கடைசியில் முழுச் சுவருக்கும் அடிக்க வேண்டியிருக்கும். ஜன்னல் மாற்றும் திட்டம் சத்தமில்லாமல் வீட்டுக்கே பெயின்ட் அடிக்கும் திட்டமாக மாறுவது இப்படித்தான்.

இதை வைத்தே தலைகீழாகவும் யோசிக்கலாம். புதுப்பிப்பில் எப்படியும் சுவர்களைப் பூசி வண்ணமடிக்கப் போகிறீர்கள் என்றால், சாரமும் பூச்சும் பெயின்ட்டும் ஏற்கெனவே வேறு கணக்கில் இருக்கின்றன. அப்போது முழுமையாகப் பெயர்ப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு வெகுவாகக் குறைந்துவிடும். என் முடிவும் இதை ஒட்டியதுதான். சுவர் வேலை நடக்கப் போகும் வீட்டில் நிலையோடு பெயர்த்து மாற்றுங்கள். சுவர்கள் நல்ல நிலையில் இருந்து, நிலையும் உறுதியாக இருந்தால் நிலைக்குள் நிலை போதும். நிலை உளுத்துப்போன வீட்டில் தேர்வுக்கே இடமில்லை. உளுத்த மரத்தில் திருகாணி பிடிக்காது, அதன் மேல் எவ்வளவு நல்ல சட்டத்தை வைத்தாலும் வீண்.

பெயர்க்கிறோம் என்றவுடன் திறப்பையும் அகலப்படுத்தலாமே என்ற ஆசை வரும். அது வேறு வேலை, வேறு பட்ஜெட். திறப்புக்கு மேலிருக்கும் லிண்டல் இரு பக்கமும் சுவரில் குறைந்தது 150 மி.மீ. அளவுக்காவது அமர்ந்திருக்க வேண்டும். அகலத்தைக் கூட்டினால் அந்தத் தாங்குதல் போய்விடும். புதிய லிண்டல் போட வேண்டும், அதுவரை மேலே உள்ள சுவருக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். பொறியாளர் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. திறப்பைக் கீழ்நோக்கி நீட்டுவதில் லிண்டலைத் தொட வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆனால் கண்ணாடி தரைக்கு அருகில் வருவதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயமாகிறது.

சிறிய ஜன்னலின் பெரிய விலை

சதுர அடிக்கு ஒரே விலை என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் எளிது. 1.2 மீட்டர் சதுர ஜன்னல் ஒன்றும் 0.6 மீட்டர் சதுர ஜன்னல்கள் நான்கும் ஒரே பரப்புதான். ஆனால் முதலாவதன் சுற்றளவு 4.8 மீட்டர், நான்கு சிறியவற்றின் சுற்றளவு 9.6 மீட்டர். சட்டம் இரு மடங்கு, சிலிக்கான் இரு மடங்கு, கைப்பிடியும் கீலும் நான்கு மடங்கு. ஜன்னலில் கண்ணாடியைவிடச் சட்டமும் பூட்டுப் பொருள்களும்தான் பொதுவாக விலை கூடியவை. எனவே சராசரி விலையில் பெரிய ஜன்னல் உள்ளவர் கூடுதலாகக் கொடுக்கிறார். சிலர் இதைச் சரிக்கட்ட ஒரு ஜன்னலுக்குக் குறைந்தபட்சப் பரப்பு என்று வைத்திருப்பார்கள். அந்த வரம்பு 6 சதுர அடி என்றால், 3.9 சதுர அடி உள்ள குளியலறை ஜன்னலுக்கு 6 சதுர அடிக்கான பணம் போகும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

திறக்கும் முறையிலும் இதே போன்ற மறைவு உண்டு. இரண்டு தடத்தில் ஓடும் ஸ்லைடிங் ஜன்னல், கீலில் திறக்கும் கதவு ஜன்னலைவிடப் பெரும்பாலும் மலிவு. ஆனால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். கீல் ஜன்னல் கிட்டத்தட்ட முழுத் திறப்பையும் தருகிறது. காற்றுக்காக ஜன்னல் வைக்கிறோம் என்றால், காற்று வரும் ஒவ்வொரு சதுர அடிக்கும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ஸ்லைடிங் மலிவாக இராது. மூடியிருக்கும்போதும் கீல் ஜன்னல் ரப்பரை அழுத்தி மூடுவதால் சத்தமும் தூசியும் குறைவாகவே புகும். நடைபாதையை ஒட்டி, வெளியே கதவு நீள இடமில்லாத சுவருக்கு ஸ்லைடிங்கே சரி.

எந்தப் பொருள்

இப்போதுதான் மரமா, அலுமினியமா, யுபிவிசியா என்ற கேள்விக்கு வருகிறோம். இங்கே யாரும் யாரையும் முழுமையாக வெல்வதில்லை.

யுபிவிசி வெப்பத்தை எளிதில் கடத்தாது, துருப்பிடிக்காது, வண்ணமடிக்கத் தேவையில்லை. ஆனால் அது நெகிழும் பொருள். உள்ளே துத்தநாகப் பூச்சுள்ள எஃகுக் குழாய் வைத்தால்தான் பெரிய சட்டம் நேராக நிற்கும். எஃகை விட்டுவிட்டு விலையைக் குறைத்துக் காட்ட முடியும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஃகின் தடிமனை விலைப்புள்ளியில் எழுதி வாங்குவதும், வெட்டிய துண்டு ஒன்றைக் காட்டச் சொல்வதும் அதனால்தான் அவசியம். வெயிலில் விரியும் தன்மையும் இதற்கு அதிகம். 1.5 மீட்டர் நீளமுள்ள சட்டம் 30 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் சுமார் 3 மி.மீ. நீளும், அதே நீள அலுமினியம் 1 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். இடைவெளி விடாமல் சுவரோடு இறுக்கிப் பொருத்திய யுபிவிசி ஜன்னல் கோடையில் மூட மறுப்பதற்கு இது ஒரு காரணம். அடர்நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் இந்தச் சிக்கல் கூடும்.

அலுமினியம் வலிமையானது; மெல்லிய சட்டத்திலேயே பெரிய கண்ணாடியைத் தாங்கும். நிலைக்குள் நிலை வைக்கும்போது வெளிச்ச இழப்பைக் குறைக்க இதுவே உதவும். வெப்பம் கடத்துவதில்தான் அதன் பலவீனம்: யுபிவிசியைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு. உள்ளேயும் வெளியேயும் உள்ள அலுமினியப் பகுதிகளுக்கு இடையில் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் பட்டை வைத்து வெப்பப்பாதையைத் துண்டித்த சட்டங்கள் கிடைக்கின்றன. விலை கணிசமாகக் கூடும். குளிர்நாட்டு வீட்டுக்கும் நாள் முழுவதும் ஏசி ஓடும் அறைக்கும் அது பொருள் உள்ள செலவு. ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தப் பணம் வீண். கடற்காற்று வீசும் இடத்தில் மேற்பூச்சின் தரத்தையும் எவர்சில்வர் திருகாணியையும் கேட்டு வாங்க வேண்டும்.

மரம் மட்டுமே பகுதி பகுதியாகப் பழுதுபார்க்கக் கூடியது. கெட்ட மூலையை வெட்டி எடுத்து நல்ல மரத்தை இணைக்கலாம். அதற்கு ஈடாகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணமோ வார்னிஷோ கேட்கும். அந்தச் செலவை இருபது ஆண்டுக்குப் பெருக்கி ஆரம்ப விலையோடு சேர்த்தால்தான் மற்ற இரண்டோடு நேர்மையாக ஒப்பிட முடியும். யுபிவிசிக்கும் அலுமினியத்துக்கும் பராமரிப்பே இல்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம். ரப்பர் பட்டை இறுகிப்போகும், ஸ்லைடிங் சக்கரம் தேயும், பூட்டு உடையும். பத்து ஆண்டு கழித்து அந்த உதிரிபாகங்கள் கிடைக்குமா என்பது பொருளின் பெயரைவிட முக்கியமான கேள்வி.

இரட்டைக் கண்ணாடி எப்போது லாபம்

கண்ணாடியைத் தேர்வதில் ஆசைக்கு அளவில்லை. அதனால் ஒரு சிறு கணக்கு. ஒற்றைக் கண்ணாடியில் வெப்பம் கடக்கும் அளவு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட். இரண்டு சாதாரணக் கண்ணாடிகளும் நடுவில் காற்றிடைவெளியும் இருந்தால் சுமார் 2.8. உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வேறுபாடு இருக்கும் நாளில், 1.44 சதுர மீட்டர் ஜன்னல் ஒன்றில் மிச்சம் ஏறத்தாழ 42 வாட். இப்படிப் பத்து ஜன்னல்கள், எட்டு மணி நேரம் என்றால் தடுக்கப்படும் வெப்பம் 3.3 யூனிட் (கிலோவாட்-மணி). ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றுவதாகக் கொண்டால், நாளுக்கு மிச்சமாவது சுமார் 1.1 யூனிட் மின்சாரம். அதை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கி, ஆண்டில் ஏசி ஓடும் நாள்களாலும் பெருக்கி, இரட்டைக் கண்ணாடிக்கான கூடுதல் விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்பது தெரிந்துவிடும்.

வெப்பநாட்டில் பெரிய எதிரி இதுவல்ல, நேர் வெயில். ஜன்னலில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் வெயில் அடிக்கும்போது, அதே ஜன்னலின் தெளிந்த ஒற்றைக் கண்ணாடி வழியே 500 வாட்டுக்கு மேல் உள்ளே வரக்கூடும். 42 வாட்டை மிச்சப்படுத்தச் செலவழிப்பதற்கு முன் இந்த 500 வாட்டைத் தடுப்பதுதான் முறை. அதற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் வேண்டும்: நீண்ட சன்ஷேடு, வெளித்தட்டி, மரம். அது முடியாத மேற்குச் சுவருக்கு வெயிலைத் திருப்பும் பூச்சுள்ள கண்ணாடி. குளிர்நாட்டில் கதை வேறு. வெளியே உறைபனியும் உள்ளே 20 டிகிரியுமாக மாதக்கணக்கில் இருக்கும் இடத்தில், வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும் பூச்சும் ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி அந்த 5.7ஐ 1.1 அளவுக்கு இறக்கிவிடும். அங்கே ஒற்றைக் கண்ணாடி வாங்குவது சிக்கனமே அல்ல.

எடையையும் மறக்க வேண்டாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமனின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ. 5 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. பழைய கதவில் கண்ணாடியை மட்டும் இரட்டையாக மாற்ற நினைப்பவர்கள், அந்தக் கீல் இதைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சத்தம்தான் பிரச்சினை என்றால் நடுவில் ஒட்டுப்படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி நல்ல பலன் தரும். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டியே நிற்கும்.

விலைப்புள்ளி வாங்கும் முறை

எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் எண், அகலம், உயரம், திறக்கும் முறை, கண்ணாடியின் வகையும் தடிமனும், கொசுவலை உண்டா, பாதுகாப்புக் கம்பி உண்டா. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் அளந்து, சிறிய அளவையே எழுத வேண்டும். அதன் கீழே பழையதைப் பெயர்ப்பது, குப்பை அகற்றுவது, பூச்சு, சாரம், சிலிக்கான், போக்குவரத்து, வரி ஆகியவை ஒவ்வொன்றாக இருக்கட்டும். சேர்க்காதவர் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதித் தர வேண்டும். நிரப்பிய தாள்கள் வந்ததும் விடுபட்டவற்றுக்கு நீங்களே ஒரு தொகை வைத்துக் கூட்டினால், மலிவானவர் யார் என்பது பல நேரம் மாறிவிடும்.

உங்கள் அளவு மதிப்பீட்டுக்கு மட்டும்தான். ஆர்டருக்கான அளவைச் செய்பவரே வந்து எடுத்துக் கையெழுத்திட வேண்டும். டெம்பர்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடியை, பதப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது. ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வந்தாலும் அந்தக் கண்ணாடி முழுவதும் நஷ்டம். அது யாருடைய நஷ்டம் என்பதை அந்தக் கையெழுத்துதான் தீர்மானிக்கும். முழுமையாகப் பெயர்க்கும் திட்டமென்றால், மொத்த ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு ஜன்னலை மட்டும் பெயர்த்துப் பாருங்கள். சுவரின் உள்நிலை, திறப்பின் உண்மையான அளவு, ஒரு ஜன்னலுக்கு ஆகும் கூலி மூன்றும் தெரிந்துவிடும். எதிர்பாராத வேலைக்காக, பெயர்க்கும் திட்டத்தில் மொத்தத்தில் 15 சதவீதமாவது தனியே வைப்பேன். நிலைக்குள் நிலை என்றால் 5 சதவீதம் போதும்.

பணம் போதவில்லை என்றால் எல்லா ஜன்னல்களிலும் தரத்தைக் குறைக்காதீர்கள். மழையும் மேற்கு வெயிலும் தாக்கும் சுவரின் ஜன்னல்களை இப்போது நன்றாக மாற்றிவிட்டு, மற்றவற்றுக்கு ரப்பர் பட்டையும் கீலும் போட்டுப் பின்னால் தள்ளி வைக்கலாம். கடைசித் தவணையில் ஒரு பகுதியை நீர்ச் சோதனை முடியும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சிலிக்கான் காய்ந்த பிறகு, வெளியிலிருந்து குழாய்நீரை முதலில் ஜன்னலின் அடிப்பகுதியிலும், பிறகு பக்கங்களிலும், கடைசியாக மேல்விளிம்பிலும் சில நிமிடம் பீய்ச்ச வேண்டும். இப்படிக் கீழிருந்து மேலே போனால்தான் கசிவு எந்த இணைப்பில் தொடங்குகிறது என்று தெரியும். எல்லா ஜன்னல்களையும் இப்படிச் சோதித்து, உள்ளே ஈரம் இல்லை என்று இருவரும் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.